ஐந்து போத்தலும் நாலு இறைச்சியும்

சந்திரகாந்தி: ...ஏலாது எண்டால் ஏலாது. இருபத்திரண்டு வருசமா ஜெர்மனியில இருக்கிறன். ஒரு சொட்டு வாயில வைச்சதில்லை. இப்ப நாற்பத்தெட்டு வயசில எனக்குப் பியர் பழக்க வந்திட்டார்.

தவராசா: பழக்கேல்லையப்பா. ஒரு வாய். மணந்து பார்த்து, ஒரு வாய் குடிச்சு, இறைச்சியில ஒரு துண்டு கடிச்சு, என்ன மாதிரி இருக்கு எண்டு சொன்னால் போதும்.

சந்திரகாந்தி: அதை நீங்களே செய்யுங்கோவன். இந்த வீட்டில சமையல்காரன் நீங்களோ நானோ?

தவராசா: அதுதானே பிரச்சினை. பத்தொன்பது வருசமா அல்பேர்ட்டின்ர குசினியில நிக்கிறன். என்ர நாக்கு பழகின நாக்கு. அங்க சாப்பிட வாற சனத்தின்ர நாக்கு பழகாத நாக்கு. அதுக்குத்தான் உம்மைக் கேக்கிறன்.

சுரேன்: அக்கா, என்ர நாக்கும் பழகாத நாக்குத்தான்.

சந்திரகாந்தி: உன்ர நாக்கோ? உன்ர நாக்கு பழகின பழக்கத்திலதான் உன்ர மனிசி ஞாயிற்றுக்கிழமையில உன்னை இஞ்சை கலைச்சு விடுறாள். டேய்... கையை எடு! அந்தத் தாரா வாத்தைத் தொடாதை.

சுரேன்: பெல்ஜியத்துக்கு, லியேஜ் மட்டும் காரோடிப் போய், கடை கடையா ஏறி இறங்கி, ஐஞ்சு சாதிப் பியர் வாங்கிக்கொண்டு வந்தவனுக்கு ஒரு தாராக்கால் இல்லையோ?

தவராசா: பொறடா. ஒவ்வொண்டா. முதல்ல உன்ர அக்கா சம்மதிக்கட்டும்.

சந்திரகாந்தி: சம்மதிக்க முதல் விளங்கப்படுத்துங்கோ. டுசல்டோர்ஃப் சனம் அல்ட் பியரைத் தவிர வேறை பியரைக் கண்ணால பார்த்தாலே கோவிக்கும் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள். அந்த ஊரில போய் பெல்ஜியம் பியரோ?

தவராசா: அல்பேர்ட்டுக்கு வந்த யோசனை. வாற வெள்ளிக்கிழமை ஒரு விருந்து. பழைய வாடிக்கைக்காரர் பதினாறு பேர். எல்லாரும் மீசையில அல்ட் நுரையோட பிறந்தவை. நாலு விதமாச் சுட்ட இறைச்சி, ஒவ்வொண்டுக்கும் ஒரு பெல்ஜியம் பியர். எதுக்கு எது, ஏன் எது எண்டு நான் எழும்பி நிண்டு சொல்லவேணும்.

சந்திரகாந்தி: நீங்கள் எழும்பி நிண்டு கதைக்கிறதோ? கலியாண வீட்டில நன்றி சொல்லவே என்னைத் தள்ளிவிட்ட ஆள்.

தவராசா: அது சரிவந்தால் தையில இருந்து குசினி முழுக்க என்ர பொறுப்பு. பிழைச்சால் கொலோனில இருந்து ஒருத்தனைக் கொண்டு வருவார்.

சுரேன்: கொலோன்காரனோ! பரம்பரைப் பகைக்காரன், டுசல்டோர்ஃப் குசினிக்கோ? அக்கா, குடி. மானப் பிரச்சினை.

சந்திரகாந்தி: மணத்தாலே எனக்குச் சத்தி வரும்...

தவராசா: இதில மூண்டு போத்தல் மடத்துச் சாமிமார் காய்ச்சினது.

சந்திரகாந்தி: சும்மா விடுங்கோ.

சுரேன்: உண்மை அக்கா! இஞ்சை பார், போத்தல்ல படம் போட்டிருக்கு. நீளச் சட்டை, மொட்டைத் தலை. காலமை செபம், பின்னேரம் பியர்.

சந்திரகாந்தி: எட... சாமியாரே காய்ச்சுறாரோ? இதை எங்கட கோயில் ஐயருக்குச் சொல்லிப்போடாதை. ...சரி. ஒரு வாய். ஆனால் மாடு மட்டும் கேக்காதேங்கோ. பன்றி, தாரா, ஆடு, மூண்டுக்கும் வாறன். மாடு வாயில வைக்கமாட்டன்.

தவராசா: மாட்டைப் பிறகு பாப்பம். இந்தாரும், முதல்ல வெள்ளை. ஊத்தினவுடன குடிக்கக்கூடாது. மூக்கைக் கிளாசுக்குள்ள விட்டு... ஆறுதலா இழும்.

சந்திரகாந்தி: என்னப்பா இது, ஆவி பிடிக்கிற மாதிரி... பொறுங்கோ. பொறுங்கோ... இது கொத்தமல்லி.

சுரேன்: பியருக்குள்ள கொத்தமல்லியோ! அத்தான், அக்காவுக்கு ஏறிட்டுது.

சந்திரகாந்தி: இன்னும் குடிக்கவே இல்லையடா. கொத்தமல்லிதான். இலை இல்லை, காய்ஞ்சது. அம்மியில ஒரு தட்டுத் தட்டின மாதிரி. அதுக்குப் பின்னால... தோடம்பழத் தோல்.

தவராசா: லேபிளை வாசிச்சனீரோ?

சந்திரகாந்தி: கண்ணாடி போடாமல் எனக்கு லேபிள் தெரியுமோ?

தவராசா: சரியப்பா. ரெண்டும் போட்டுத்தான் காய்ச்சுறவங்கள். கடைக்காரன் தந்த கடுதாசியில எழுதியிருக்கு. எட, எங்கை என்ர பேனை... மல்லி... தோடம்பழத் தோல்... இன்னும்?

சந்திரகாந்தி: இன்னும் என்ன? ரசத்துக்கு நுரை கட்டின மாதிரி இருக்கு. அவ்வளவுதான். சுரேன், உனக்கு?

சுரேன்: சுப்பர்.

சந்திரகாந்தி: என்ன மணக்குது?

சுரேன்: பியர்.

தவராசா: விளங்குதோ ஏன் இவனைக் கேக்கேல்லை எண்டு? போன கிழமையும் ஆறு போத்தல் கொண்டு வந்தவன். ஆறுக்கும் சுப்பர்தான்.

சந்திரகாந்தி: அப்ப உங்களுக்கு என்ன தெரியுது? பழகின நாக்கு என்ன சொல்லுது?

தவராசா: எனக்கோ... கைப்புக் குறைவு. சாதுவான புளிப்பு. நாக்கு நுனியில குத்துது.

சந்திரகாந்தி: அது நாக்குக்கு. மூக்குக்கு?

தவராசா: ...நீர் சொன்னதுதான். வேறென்ன. இதை இறைச்சியோட சேர்க்கேலாது, மெல்லிசு. வந்து குந்தின உடன தாகத்துக்குக் குடுப்பம். இனி இந்த மண்ணிறப் போத்தல். இது பன்றிக்குச் சரிவரும் எண்டு நினைக்கிறன். பன்றித் தோலை மொறுமொறுக்க விட்டிருக்கிறன், வாறதுக்குள்ள நீர் இதை மண...

சந்திரகாந்தி: இஞ்சாருங்கோ.

தவராசா: அவசரப்படாமல் மணந்து...

சந்திரகாந்தி: இஞ்சாருங்கோ, கருகுது!

தவராசா: என்ன கருகுது?

சந்திரகாந்தி: ஓவனுக்குள்ள! தள்ளுங்கோ, தள்ளுங்கோ... ஐயோ புகை! கை கவனம், துணி இந்தா...

சுரேன்: ஓவனுக்கு முன்னாலதானே அத்தான் நிக்கிறியள்!

தவராசா: கதையில... கதையில மறந்துபோனன். மணிக்கூட்டை வைக்க மறந்திட்டன்.

சந்திரகாந்தி: மணிக்கூடு ஏன்? அறை முழுக்க நாறுது!

சுரேன்: அக்கா, அத்தானுக்கு...

தவராசா: சுரேன்! யன்னலைத் திற.

சந்திரகாந்தி: என்ன? அத்தானுக்கு என்ன?

சுரேன்: அத்தானுக்கு... அத்தானுக்குக் கொஞ்ச நாளா வேலை கூட அக்கா. களைப்பு. நான் யன்னலைத் திறக்கிறன்.

தவராசா: ஒரு பக்கம்தான் போச்சுது. இந்தப் பக்கம் நல்லாத்தான் இருக்கு, கேளும்... பார்த்தீரோ, கத்தி பட்டவுடன சத்தம் போடுது. இந்தாரும் ஒரு துண்டு. இப்ப அந்த மண்ணிறத்தைக் குடியும்.

சந்திரகாந்தி: ம்... இது பனங்கட்டி.

தவராசா: பனங்கட்டியோ! எந்த மாதிரி? வடிவாச் சொல்லும்.

சந்திரகாந்தி: பாணி காய்ச்சேக்க சட்டியின்ர அடியில கொஞ்சம் பிடிக்குமெல்லே, அந்த இடம். அதோட நல்லாக் கனிஞ்ச பேரீச்சம்பழம். இறைச்சியோட... ம்ம். தோலில உப்பு. அதுக்கு மேல இந்த இனிப்பு வந்து படுக்குது. நல்லாயிருக்கப்பா. கருகின பக்கத்துக்கே இப்பிடி எண்டால் கருகாத பக்கத்துக்கு எப்பிடி இருக்கும்!

சுரேன்: சுப்பர்.

சந்திரகாந்தி: உன்னை ஆர் கேட்டது?

தவராசா: பன்றிக்கு மண்ணிறம். பனங்கட்டி, பேரீச்சை... எழுதிப்போட்டன். ஜெர்மன்காரனுக்குப் பனங்கட்டியை என்னெண்டு சொல்லுறது?

சந்திரகாந்தி: கரமெல் எண்டு சொல்லுங்கோ. பாவம், அதுகளுக்கு அவ்வளவுதான் குடுத்து வைச்சது. அடுத்தது எது? அந்தப் பொன் நிறமோ? கொண்டுவாங்கோ.

சுரேன்: சத்தி வரும் எண்டு சொன்ன ஆள் இவதானோ?

சந்திரகாந்தி: மானப் பிரச்சினை எண்டு சொன்ன ஆள் நீதானே? ...அம்மாடி. இது வாழைப்பழம். கதலி. தோல் கறுக்கிற அளவுக்குப் பழுத்தது. பிறகு கராம்பு... மிளகும் இருக்கோ? தொண்டையில சூடா இறங்குது.

தவராசா: அது மிளகில்லை, சாராயச் சத்து. ஒன்பது வீதம்.

சந்திரகாந்தி: ஒன்பதெண்டால் கூடவோ?

சுரேன்: ரெண்டு அல்ட் பியர் ஒண்டாக் குடிச்ச மாதிரி அக்கா.

சந்திரகாந்தி: இதை முதலே சொல்லக்கூடாதோ!

தவராசா: ஒரு வாய் எண்டுதானே சொன்னனான். நீர் கிளாசில பாதியை...

சந்திரகாந்தி: சாமிமார் கஷ்டப்பட்டுக் காய்ச்சினதை ஊத்துறதே? தாராவைத் தாங்கோ இதோட. ம்... இல்லை. இது சரியில்லை. கதலிப்பழத்தை நெய்க்குள்ள தாட்ட மாதிரி, கொழுப்புக்கு மேல கொழுப்பு. தாராவுக்கு இது வேண்டாம்.

தவராசா: அப்ப இந்தச் சிவப்பைப் பாரும். இதுதான் எனக்குப் பயம். அல்பேர்ட்டின்ர மனிசி இதைக் குடிச்சுப்போட்டுக் கழுவுற தொட்டியில துப்பினவ.

சந்திரகாந்தி: சீ! சுரேன், உன்னை ஏமாத்திப்போட்டாங்கள். இது பழுதாப்போட்டுது. வினாகிரி!

சுரேன்: ஏமாத்துறதோ? அதுதான் அக்கா ஐஞ்சிலையும் விலை கூட!

தவராசா: பழுதில்லையப்பா. ரெண்டு வருசம் மரப் பீப்பாயில கிடந்து புளிச்சது. அதின்ர குணமே அதுதான். தாராவோட குடிச்சுப் பாரும். தோலும் கொழுப்பும் சேர்ந்த துண்டா எடும். ...என்னப்பா?

சந்திரகாந்தி: பேசாமல் இருங்கோ.

தவராசா: கூடாதோ?

சந்திரகாந்தி: பேசாமல் இருங்கோ எண்டுறன்... இன்னொரு துண்டு தாங்கோ.

சுரேன்: அத்தான், அக்காவின்ர முகத்தைப் பாருங்கோ. கோயில்ல திரை விலகினமாதிரி.

சந்திரகாந்தி: மீன் குழம்புக்குப் பழப்புளி விடாட்டி என்ன? வெறும் மீனும் தண்ணியும். தாராவுக்கு இத்தனை நாளும் ஒருத்தரும் புளி விடேல்லையப்பா. கொழுப்பை அப்பிடியே வெட்டிக் கொண்டு போகுது. அடுத்த வாய்க்கு நாக்கு புதுசா நிக்குது.

தவராசா: மணம்? மணத்தைச் சொல்லும், அதுதான் முக்கியம்.

சந்திரகாந்தி: செரிப் பழம். பழைய மரப்பெட்டி. அதுக்கு அடியில... சொன்னால் சிரிப்பியள்.

தவராசா: சிரிக்கமாட்டன்.

சந்திரகாந்தி: குதிரைக் கொட்டில்.

சுரேன்: குதிரைக் கொட்டிலோ! நீ எந்தக் காலத்தில குதிரை வளத்தனீ?

சந்திரகாந்தி: நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்துக்குப் போற வழியில குதிரை ஓட்டத் திடல் இருக்கெல்லே. காலமை ஆறு மணிக்கு பஸ்ஸால இறங்கினால் இந்த மணம்தான். வைக்கோல், ஈரத் தோல், குதிரை. கெட்ட மணம் எண்டில்லை... எழும்பி வேலைக்கு வந்திட்டாய் எண்டு சொல்லுற மணம்.

தவராசா: கடைக்காரன் தந்த கடுதாசியிலும் இப்பிடி ஒண்டு இருக்குதப்பா. நான் அச்சுப் பிழையாக்கும் எண்டு விட்டிட்டன்!

சந்திரகாந்தி: பார்த்தியா சுரேன்? உன்ர அக்காவை அந்த மடத்தில வேலைக்குக் கேட்டாலும் கேப்பினம். சரி, ஆடு. ஆட்டுத் தொடையில இதென்ன ஊசி ஊசியா? றோஸ்மேரியோ? இல்லத்தில குளிக்கிற அறையில ஊத்துறதும் இதே மணம்தான். அந்தப் பொன் நிறத்தை மற்றொருக்கா விடுங்கோ.

தவராசா: அது ஒன்பது வீதம்...

சந்திரகாந்தி: விடுங்கோ எண்டுறன். ...ஓம். இதுதான். ஆட்டுக்குக் கராம்பு போடாமல் நான் ஒருநாளும் சமைச்சதில்லை. இறைச்சியில இல்லாத கராம்பு கிளாசுக்குள்ளால வருது. ஆட்டுக்குப் பொன் நிறம், எழுதுங்கோ. நான் சொன்னனான் எண்டும் எழுதுங்கோ.

சுரேன்: அத்தான், நீங்கள் தாற வெட்டுத் துண்டுகளைத் திண்டே வயிறு நிறைஞ்சுபோச்சுது. ஐஞ்சு மணிக்கு ஷால்க உதைபந்தாட்டம். கோபாலன் அண்ணை வீட்டில எல்லாரும் சேருறம். நான் வெளிக்கிடப்போறன்.

சந்திரகாந்தி: கார்ச் சாவியை மேசையில வைச்சிட்டு வெளிக்கிடு. ட்ராமில போ.

சுரேன்: நான் ஐஞ்சும் ஒவ்வொரு வாய்தான்...

சந்திரகாந்தி: உன்ர வாயின்ர அளவு எனக்குத் தெரியும். வை சாவியை.

சுரேன்: இந்தா. ...அத்தான்.

தவராசா: என்ன?

சுரேன்: சொல்லிப்போடுங்கோ அத்தான்.

சந்திரகாந்தி: என்னத்தைச் சொல்ல?

சுரேன்: மாட்... மாட்டிறைச்சிக்கு எது எண்டு. அக்காவுக்குச் சொல்லிப்போடுங்கோ. வாறன்!

சந்திரகாந்தி: அந்தரப்பட்டு ஓடுறான். காலில ஒரு சப்பாத்துக்கு லேஸ் கூடக் கட்டேல்லை. ...சரியப்பா. மாடும் நீங்களும்தான் மிச்சம்.

தவராசா: ஒரு போத்தலும் மிச்சம். கறுப்பு. இது எல்லாத்திலையும் பலமானது. ஒருக்கா மணந்து மட்டும்...

சந்திரகாந்தி: தாங்கோ. ...ஆ, இது றிச் கேக். நத்தாருக்குப் பத்மா அக்கா வீட்டில இருந்து வெள்ளிக் கடுதாசி சுத்தி வருமே, அதை அவிழ்க்கேக்க வாற மணம். பிளம்ஸ், கறுவா, பிரண்டி.

தவராசா: இறைச்சி? மணந்து சொல்லுறது விரதத்துக்குப் பழுதில்லைத்தானே.

சந்திரகாந்தி: மணக்கிறன். தொடமாட்டன். ...மிளகு. வெளியில நல்லாச் சிவந்திருக்கு. உள்ளுக்குக் கொஞ்சம் இரும்பு மணம். அவ்வளவுதான் என்னால. இனிக் கடிக்கிறதும் குடிக்கிறதும் நீங்கள்தான். இது உங்கட பங்கு.

தவராசா: சரி... ம்.

சந்திரகாந்தி: என்ன மாதிரி?

தவராசா: நல்லாயிருக்கு.

சந்திரகாந்தி: நல்லாயிருக்கு எண்டால்? நீங்களும் இப்ப சுரேனோ?

தவராசா: முதல் உப்பு. பிறகு இனிப்பு வருது. கடைசியில ஒரு கைப்பு நிக்குது. இறைச்சியின்ர உப்பு அந்தக் கைப்பை அமத்துது. பொருந்துது.

சந்திரகாந்தி: வாசம்?

தவராசா: வாசம்... நல்ல வாசம்.

சந்திரகாந்தி: என்ன வாசம்?

தவராசா: அதுதான்... கேக்.

சந்திரகாந்தி: அது நான் சொன்னது. நீங்கள் சொல்லுங்கோ. பத்தொன்பது வருசம் பழகினதெல்லோ.

தவராசா: என்னப்பா இது, நேர்முகப் பரீட்சை வைக்கிறீர்.

சந்திரகாந்தி: வெள்ளிக்கிழமை பதினாறு பேர் வைப்பினம். நான் ஒராள் வைச்சால் குறைஞ்சுபோவியளோ? கண்ணை மூடுங்கோ.

தவராசா: எதுக்கு?

சந்திரகாந்தி: மூடுங்கோவன். எனக்கு ஏறியிருக்கு, நான் விளையாடவேணும். ...இந்தா, மூக்குக்குக் கிட்டப் பிடிக்கிறன். குடிக்கக்கூடாது. கையும் வைக்கக்கூடாது. எந்தப் போத்தல்?

தவராசா: ம்... இது... கறுப்பு.

சந்திரகாந்தி: வடிவா மணந்து சொல்லுங்கோ.

தவராசா: கறுப்புத்தான். கேக் மணம். கறுவா.

சந்திரகாந்தி: கண்ணைத் திறவுங்கோ. கிளாஸ் அலம்பின தண்ணியப்பா.

தவராசா: சந்திரா.

சந்திரகாந்தி: சொல்லுங்கோ.

தவராசா: எனக்கு... எனக்கு மணக்கிறேல்லை.

சந்திரகாந்தி: தடிமனோ?

தவராசா: தடிமன் இல்லை. உலகக் கிண்ணம் முடிஞ்ச கிழமை பீப்பாய் வைக்கிற நிலவறைப் படியில விழுந்தன் எல்லே. பின் மண்டை அடிபட்டது. சும்மா ஒரு வீக்கம் எண்டு உமக்குச் சொன்னனான். அடுத்த நாள் காலமை கோப்பி போட்டன். சுடுதண்ணி குடிச்ச மாதிரி இருந்தது. வீக்கம் வத்தினால் வரும் எண்டு பார்த்தன். வீக்கம் வத்திப்போச்சுது. இது வரேல்லை.

சந்திரகாந்தி: யூலையில இருந்தோ?

தவராசா: நாலு மாசம். உப்பு, புளி, இனிப்பு, கைப்பு தெரியுது. மிச்சம் ஒண்டும் இல்லை. கதலியும் தெரியாது கராம்பும் தெரியாது.

சந்திரகாந்தி: அப்ப எப்பிடியப்பா சமைச்சனீங்கள்?

தவராசா: கண்ணால. வெங்காயம் பொரியிற சத்தத்தால. எல்லாத்துக்கும் தராசு, எல்லாத்துக்கும் மணிக்கூடு. இறைச்சிக்கு வெப்பமானி குத்திப் பாக்கிறன். கிறீம் புளிச்சதோ எண்டு பாத்திரம் கழுவுற பவளத்தைக் கூப்பிடுவன். "அக்கா, இதை ஒருக்கா மணந்து சொல்லுங்கோ, எனக்குத் தடிமன்" எண்டு. நாலு மாசத் தடிமன். அந்த மனிசி தேயிலைக்குள்ள இஞ்சி போட்டுத் தந்துகொண்டே இருக்கிறா.

சந்திரகாந்தி: எனக்கு ஏன் சொல்லேல்லை?

தவராசா: சொன்னால் உண்மையாகிப்போடும் மாதிரி இருந்தது. மூக்கில்லாத சமையல்காரனை ஆர் வைச்சிருப்பான்? அம்பத்திரண்டு வயசில வேறை என்ன வேலைக்குப் போறது? ...அதுமட்டும் இல்லையப்பா.

சந்திரகாந்தி: வேறென்ன?

தவராசா: நீர் சனிக்கிழமை முழுகிப்போட்டு, ஈரத் தலையோட பக்கத்தில வந்து குந்துவீர் எல்லே. ரீவியில ஆளைப் பாக்கிற மாதிரி இருக்குது. படம் தெரியுது, சத்தம் கேக்குது. ஆள் இல்லை. அதை நான் எந்த வாயால சொல்லுறது? ...அழாதேயும். பியர் குடிச்சவை அழுதால் நிப்பாட்டேலாது.

சந்திரகாந்தி: நான் அழேல்லை. அந்தச் சிவப்பு மூக்கில ஏறிட்டுது. ...சுரேனுக்குத் தெரியுமோ?

தவராசா: லியேஜ் போகச் சொன்னதுக்குக் காரணம் கேட்டான், சொன்னன். வாய் காக்கமாட்டான் எண்டுதான் நினைச்சன்.

சந்திரகாந்தி: காத்தானே, பாவம். வாய் திறக்கப் பார்க்கிற நேரமெல்லாம் ஒரு துண்டு தாராவை வைச்சு அடைச்சுக் காத்தான்.

தவராசா: சிரிக்காதேயும். வெள்ளிக்கிழமை என்ன செய்யிறது? நீர் சொன்னதை எழுதிப் பாடமாக்கிக்கொண்டு போகலாம் எண்டுதான் நினைச்சனான். ஆனால் அந்தக் கிழவரில ஒருத்தர் எழும்பி, "இப்ப ஊத்தினது எப்பிடி மணக்குது?" எண்டு கிளாசை நீட்டினால்... நான் தண்ணிக்குக் கேக் எண்டு சொல்லுற ஆள்.

சந்திரகாந்தி: அல்பேர்ட்டுக்குச் சொல்லுங்கோ.

தவராசா: சொன்னால் கொலோன்காரன் வருவான்.

சந்திரகாந்தி: வந்தால் வரட்டும். இஞ்சை பாருங்கோ. நான் கட்டின மனிசன் எண்டதுக்காகச் சொல்லேல்லை. நான் இண்டைக்கு மூண்டு இறைச்சி திண்டனான். கருகின தோலைத் தவிர ஒண்டில ஒரு பிழை இல்லை. தாராவுக்குள்ள சாறு நிக்குது, ஆடு எலும்பை விட்டுத் தானா வருது, உப்பு ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதெல்லாம் மூக்கில்லாமல் செய்தனீங்கள். கொலோன்காரனுக்கு மூக்கு இருக்கும். இந்தக் கை இருக்குமோ?

தவராசா: ...நாளைக்குச் சொல்லுறன். வேலைக்குப் போன கையோட. பட்டியல் என்ர மனிசி சொன்னது எண்டும் சொல்லுறன்.

சந்திரகாந்தி: சொல்லத்தான் வேணும். வெள்ளிக்கிழமை நானும் வாறன். நீங்கள் இறைச்சியைப் பற்றிக் கதையுங்கோ, மணத்தைப் பற்றி நான் கதைக்கிறன். குதிரைக் கொட்டிலை அந்தக் கிழவர்மாருக்கு நீங்கள் சொன்னால் வெக்கப்பட்டு விழுங்கிப்போடுவியள். நான் கிழடுகளோட பதினொரு வருசமா வேலை செய்யிறன், எனக்குப் பயமில்லை.

தவராசா: நீர் அங்கை வந்தும் அரைக் கிளாஸ் குடிப்பீரோ?

சந்திரகாந்தி: வேலை எண்டு வந்தால் செய்யத்தானே வேணும். ...ஆனால் முதல்ல மண்டையைக் காட்டவேணும். இது பகிடி இல்லையப்பா.

தவராசா: காட்டுறன். மூக்கு டொக்டரைத் தேடிப் பிடிச்சு, பாக்கிறதுக்கு நாள் குறிச்சு டெர்மீன் கேக்கிறன். ஆனால் இஞ்சை அதுகள் தெரியும்தானே. இப்ப கேட்டால் பங்குனியில தருவினம்.

சந்திரகாந்தி: நாளையிண்டைக்கு, செவ்வாய்க்கிழமை. காலமை ஒன்பதேகாலுக்கு.

தவராசா: என்ன அது?

சந்திரகாந்தி: உங்கட டெர்மீன். ஸ்டேசனுக்குப் பக்கத்தில, ரெண்டாம் மாடி. எங்கட டொக்டரிட்டைக் கடிதமும் வாங்கி, ஃபிறிட்ஜுக்கு மேல வைச்சிருக்கிறன்.

தவராசா: நாளையிண்டைக்கோ? அவ்வளவு கெதியா எப்பிடியப்பா தந்தவை?

சந்திரகாந்தி: எங்கை கெதியாத் தந்தவை? நான் ஆகஸ்டில கேட்டதுக்கெல்லோ இப்பத் தந்திருக்கினம்.